எழும்பாத இடது விளக்கு

ஊரில் எல்லோரும் புதுக் கார் வாங்கும்போது நான் மட்டும் என்னைவிட வயதில் மூத்த வெளிநாட்டுக் கார் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினேன். அதன் முன்விளக்குகள் பானெட்டுக்குள் படுத்திருக்கும். ஸ்விட்சை இழுத்தால் மூடியோடு எழும்பும். அதற்கு மோட்டார் கிடையாது. இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற இழுவைதான் மெல்லிய ரப்பர் குழாய் வழியாகப் போய் விளக்கைத் தூக்கும். அந்த அழகில் மயங்கித்தான் வாங்கினேன். இரண்டாம் மாதமே இடது விளக்கு பாதியில் நின்றுகொண்டது, தூக்கம் கலையாதவன் ஒற்றைக் கண்ணை மட்டும் அரைகுறையாகத் திறந்த மாதிரி.

என் பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் பார்த்த ஃபிட்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பன்னிரண்டு வருடமாக என்னோடு இருந்தவர். அவர்தான் விளக்கைத் தூக்கும் டப்பாவைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பர் ஜவ்வைத் துடைத்துத் திரும்ப மாட்டினார். அப்போதும் எழும்பவில்லை.

"டப்பாவுல கோளாறு இல்ல அண்ணாச்சி. குழாய்ல எங்கயோ காத்து உள்ள பூருது," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வாங்கிய புதிதில் இடது குழாயின் பழைய ஜாயிண்ட் உடைந்திருந்ததால், கம்பெனி கம்ப்ரசர் லைனில் போடுகிற ஜாயிண்ட் ஒன்றை அந்தக் குழாயில் சொருகியது நான்தான். எங்கள் ஊர்க் கம்பெனிகளில் காற்று கசிந்தால் சோப்புத் தண்ணீர் தடவுவோம். நுரை குமிழியாக முட்டை விட்டால் அங்கே ஓட்டை. நானும் ஒரு மக்கில் நுரை பொங்கக் கலக்கி, குழாய் முழுக்கத் தடவினேன். ஒரு முட்டைகூட வரவில்லை.

அவர் சிரித்துவிட்டார். "இது ஊதுற லைன் இல்ல அண்ணாச்சி, உறிஞ்சுற லைன்லா. ஓட்டை இருந்தா தண்ணி உள்ளதான் போவும். முட்டை எப்படி வரும்?"

டீ நேரம் அது. டெய்லர்கள், செக்கிங் பெண்கள், வடக்கத்தி ஆட்கள் என்று இருபது பேர் காரைச் சுற்றி நின்றிருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"எனக்கே கத்துக்குடுக்கறயா? கழட்டறப்ப ஜவ்வைக் கிழிச்சுப்போட்டு, இப்பக் குழாய் மேல பழியப் போடறயா? பொய் பேசாத!"

அவர் ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அந்தச் சனிக்கிழமையோடு வேலையிலிருந்து நின்றுவிட்டார்.

ஆயுத பூஜையன்று இன்ஜினை ஓடவிட்டு, விளக்கு ஸ்விட்சையும் இழுத்துவிட்டு, திறந்த பானெட்டுக்கு ஊதுபத்தி காட்டினேன். மேலே போன புகை ஓரிடத்தில் மட்டும் வளைந்து உள்ளே இழுபட்டது. நான் போட்ட ஜாயிண்ட். விரலால் அழுத்திப் பிடித்தேன். இடது விளக்கு முழுசாக எழுந்து நின்றது.

அவர் பெருமாநல்லூரில் வேறொரு கம்பெனியில் சேர்ந்திருந்தார். ஜாயிண்டை மாற்றிவிட்டு, அந்த வாரமே போய், கேட்டுக்கு வெளியே கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று சொன்னேன். தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு கேட்டுக்கொண்டு நின்றார்.

"லைட்டு ரெண்டும் ஒண்ணா எந்திரிக்கா?"

"எந்திரிக்குதுங்க."

"அப்பம் சரி." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "அன்னைக்குச் சுத்தி நின்னாவல்லா, அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிருங்க அண்ணாச்சி. என்னப் பொய்யன்னுல்லா நெனச்சிட்டு இருப்பாவ."

"சொல்லீர்றனுங்க," என்றேன்.

மறுநாள் டீ நேரத்தில் கீழே இறங்கிப் போனேன். எல்லோரும் டம்ளரோடு நின்றார்கள். தொண்டையைச் செருமினேன். திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்த நேவி ப்ளூ லாட் செக்கிங் முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு மேலே வந்துவிட்டேன்.

அன்று காரைச் சுற்றி நின்றவர்களில் ஏழெட்டுப் பேர் இப்போது வேறு கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை அந்த ஃபிட்டர் இன்றைக்கும் பொய் சொன்னவர்தான். மிச்சம் இருப்பவர்களிடமும் நான் இன்னும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது. விளக்குகள் இரண்டும் ஒன்றாகத்தான் எழும்புகின்றன. டீ நேரத்தில் மட்டும் நான் காரை வெளியே எடுப்பதில்லை.