மாடியில் ஓட்டு இல்லை

பத்மாவதி டீச்சர் இறந்த செய்தி எனக்குப் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. என் வீட்டு மாடியில் ஆறு வருஷம் குடியிருந்தவர். அடையாறு ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய அக்கா மகன் தலைமையாசிரியைக்குத்தான் போன் செய்திருக்கிறார். நான் பார்ப்பதற்குள் கைகூப்பும் படங்கள் வரிசை கட்டி நின்றன. யாரோ ஒருவர் பிறந்தநாளுக்கு அனுப்புகிற பூங்கொத்தை அனுப்பியிருந்தார்.

சாந்தோமில் நம் பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் டீச்சர்கள் நீங்கள் எல்லாரும் நன்றாகத்தான் பேசினீர்கள். அவர் கணக்கு நடத்திய அழகைச் சொன்னீர்கள், பொறுமையைச் சொன்னீர்கள். தாளாளர், "பொறுப்புள்ள குடிமகள்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

நெல்லூரில் அவர் ஓட்டுப் போடாத தேர்தலே கிடையாது. கணவர் இறந்த மாதத்தில் ஒரு தேர்தல் வந்திருக்கிறது. வெளியே போகக்கூடாது என்று உறவுக்காரர்கள் வாசலை மறித்தார்களாம். "அழுகைய அப்புறம் வெச்சுக்கலாம், பூத் கேட்ட சாத்திட்டா திறக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். இதைச் சொல்லும்போது அவரே விழுந்து விழுந்து சிரிப்பார்.

அங்கே வீட்டை விற்றுவிட்டு நம் பள்ளிக்கு வேலைக்கு வந்தார். தங்க இடம் தேடினார். மேற்கு மாம்பலத்தில் எங்கள் மாடி போர்ஷன் காலியாக இருந்தது, நான்தான் கூட்டிவந்தேன். சாமான்களைப் பிரித்து அடுக்குவதற்கு முன்பே ஓட்டை இங்கே மாற்ற விண்ணப்பம் போட்டுவிட்டார். "அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றேன். "தண்ணி இங்க குடிக்கிறேன், குப்பை இங்க போடறேன். அப்ப சண்டையும் இங்கதானேம்மா போடணும்?" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விண்ணப்பத்தைச் சரிபார்க்க ஒரு அம்மாள் வந்தார். கையில் காகிதக் கட்டு, நெற்றியெல்லாம் வேர்வை. என் கணவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மாடியில பத்மாவதின்னு யாராவது இருக்காங்களா சார்?"

"அப்படி யாரும் இல்லையேம்மா. மாடி காலியாத்தான் கிடக்கு."

மொட்டைமாடிக் கொடியில் அவருடைய இரண்டு புடவைகள் காய்ந்துகொண்டிருந்தன. அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

உள்ளே வந்ததும் கணவர் சொன்னார்: "லிஸ்ட்ல பேர் ஏறிடுச்சுன்னா அப்புறம் கிளப்பவே முடியாதுடி. வீடே அவங்களுதுன்னு உக்காந்துடுவாங்க." இந்தப் பைத்தியக்காரத்தனம் எங்கள் வீட்டோடு நிற்பதில்லை. எங்கள் தெருவில் எந்த வீட்டுக்காரரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். ஓட்டர் லிஸ்டுக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது என்று எனக்குத் தெரியும். நான் சமூக அறிவியல் டீச்சர். வாக்குரிமைப் பாடத்தை வருஷா வருஷம் நடத்துகிறேன். அன்று அடுக்களையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அடுத்த சில மாதங்களில் நெல்லூரிலும், குடிபெயர்ந்துவிட்டார் என்று பெயரை நீக்கிவிட்டார்கள். டீச்சர் என்னிடம்தான் வந்து சொன்னார். "அங்க நான் போயிட்டேனாம். இங்க நான் வரவே இல்லையாம். இன்னும் ரயில்லதான் உக்காந்திருக்கேன் போல." நானும் சேர்ந்து சிரித்தேன். மறுபடி விண்ணப்பிக்க வாடகை ஒப்பந்தம் கேட்டார். என் கணவர் இன்று நாளை என்று இழுத்தடித்தார். மூன்றாம் முறைக்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

தேர்தல் வந்தது. ஓட்டு இல்லாதவருக்குத் தேர்தல் வேலை மட்டும் தவறாமல் வந்தது. தி. நகரில் பயிற்சி வகுப்பு. தபால் ஓட்டுப் படிவத்தை நாங்கள் எல்லாரும் குனிந்து நிரப்பிக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் எழுந்து, "சார், எனக்கு ஓட்டே இல்ல" என்றார். "அதனால என்ன மேடம், ட்யூட்டி இருக்கு இல்ல?" என்றார் அதிகாரி. கூடமே சிரித்தது.

கடற்கரைக் குப்பத்துப் பள்ளியில் அவருக்கு விரலில் மை வைக்கும் வேலை. மீன் விற்கும் பெண் ஒருத்தி கையை நீட்டியவள் இவருடைய விரலைப் பார்த்துவிட்டாளாம். "இன்னா டீச்சரு, எல்லாருக்கும் வெச்சிக்கினு கீறே, உன் வெரலு வெறுசா கீது?" "எனக்கு இன்னும் வயசு வரலம்மா" என்றாராம் டீச்சர். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு. மறுநாள் ஆசிரியர் அறையில் இதை அவர் நடித்துக் காட்ட, நீங்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

அடுத்த தேர்தலில் கட்சிக்காரர்கள் பட்டியலோடு வீடு வீடாக வந்தார்கள். நோட்டீசோடு மாடிப்படி ஏறப்போனவனை இன்னொருவன் இழுத்தான். "மேல ஓட்டு இல்ல மச்சி, டைம் வேஸ்ட் பண்ணாத, வா." டீச்சர் மேலே கைப்பிடிச் சுவரோரம்தான் நின்றிருந்தார். ஒரு நோட்டீசுக்காவது கை நீட்டலாமா என்பது போல் பார்த்தார். அன்று அவர் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாக அவரைப் பார்த்தது ஒரு மத்தியானம். கஞ்சி கொண்டுபோயிருந்தேன். மனசு கேட்காமல் ஆரம்பித்தேன். "டீச்சர், அன்னிக்கு அந்த அம்மா விசாரிக்க வந்தப்ப..."

"தெரியும்மா. நான் மாடிப்படித் திருப்பத்துலதான் நின்னுட்டிருந்தேன்."

கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். "அப்ப ஏன் இறங்கி வரல?"

"வந்திருந்தா மறு மாசமே வீடு தேடணும். ஒண்டிப் பொம்பளைக்கு, அதுவும் வெளியூர்க்காரிக்கு, யாரு வீடு தர்றாங்க?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். அப்புறம் கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "உள்ளே இருந்து நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு நின்னேன். கொஞ்ச நேரம் நின்னேன்."

அவருடைய துணிமணிகளை அக்கா மகன் எடுத்துப்போனார். புத்தகங்கள் நம் பள்ளி நூலகத்துக்கு வந்துவிட்டன. அந்த "கொஞ்ச நேரம்" மட்டும் என்னோடு இருக்கிறது. எனக்கு நன்றாக வேண்டும்.