வற்றிய குளத்தின் காவல்காரி

வாளிக்குள் கை விடுமுன் வில்லடீன் அதன் விளிம்பில் குச்சியால் தட்டுவாள். "உள்ள பாம்பு இருந்தா அது முதல்ல பேசட்டும்" என்பாள். பேசாவிட்டால் குனிந்து தவளையை எடுத்து, எடை பார்த்து, அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே வேலிக்கு அப்பால் விடுவாள். எத்தனை அவசரத்திலும் பக்கம் மாறாது. "போற காரியத்தைக் கெடுத்துட்டோம். வழியையும் மாத்தணுமா?"

தெற்கு ஜார்ஜியாவில், மரக் கம்பெனி வளர்க்கும் பைன் காட்டில், குளங்களைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குத் தகர வேலி அடித்து, அதன் ஓரமாக வாளிகளைப் புதைத்திருக்கிறாள். தவளையும் பாம்பும் ஆமையும் இந்த வளர்ப்புக் காட்டில் எப்படிப் பிழைக்கின்றன என்பது அவளுடைய முதுகலை ஆய்வு. விழுந்தது காய்ந்துவிடாமலிருக்க ஒவ்வொரு வாளியிலும் நனைந்த பஞ்சு. தான் தண்ணீர் குடிக்க மறப்பாள், பஞ்சை மறக்கமாட்டாள். சட்டைப்பையில் வேகவைத்த வேர்க்கடலை, அதற்குள்ளேயே அளவுகோல். மான் வேட்டைக் காலம் தொடங்கிவிட்டால், மானென்று நினைத்து யாரும் சுட்டுவிடாமலிருக்கப் போடும் ஆரஞ்சு மேலங்கியைக் கழற்றவே மாட்டாள். ஒருமுறை யாரோ சுட்ட குண்டு அவள் தலைக்கு மேலிருந்த கிளையை முறித்திருக்கிறது.

"தூங்கும்போதும் அதையேதான் போட்டுக்குவியா, பூசணி?" என்பார் கம்பெனி டிராக்டர் ஓட்டும் டெல்மர்.

"நீங்கள்லாம் துப்பாக்கியோட திரியற வரைக்கும் அப்படித்தான் அண்ணே."

டெல்மர் நல்லவர். அதுதான் தொல்லை. குளிர்காலத்தில் காட்டுச் சருகை அளவாக எரிப்பார்கள். தீ தாண்டாமலிருக்க முன்கூட்டியே கோடு உழுது வைப்பது அவர் வேலை. போன ஆண்டு, வில்லடீனின் கிழக்குக் குளத்தில் தீ படக்கூடாதென்று, யாரும் கேட்காமலே, வற்றிக் கிடந்த அதன் கரையைச் சுற்றி ஆழமாக உழுது கொடுத்தார். வசந்தம் வந்தது, குளத்திலிருந்து கரையேறும் குஞ்சு ஒன்றுகூட அந்த வாளிகளில் விழவில்லை. வில்லடீன் திட்டவில்லை. ஒரு வாரம் அவருக்குக் கடலை கொடுக்கவில்லை, அவ்வளவுதான். மேற்குக் குளமும் போய்விட்டால் அவள் ஆய்வில் மிச்சமிருப்பது வெறும் வாளிகள்.

இந்த அக்டோபரில், வழக்கம்போல, மேற்குக் குளமும் வற்றியது. டெல்மரின் ஏர் கரைக்கு வந்தபோது அவள் அங்கே மண்டியிட்டிருந்தாள்.

"தள்ளும்மா, பூசணி. உன் குளத்தைக் காப்பாத்தித் தர்றேன்."

"எஞ்சினை அணைச்சுட்டு வாங்க. இதைப் பாத்துட்டு உழுங்க."

கட்டை ஒன்றை மெல்லப் புரட்டினாள். அடியில், கறுப்பு உடலில் வெள்ளிப் பட்டைகளோடு, பல்லி போன்ற சாலமாண்டர் ஒன்று தன் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கிடந்தது.

"தண்ணியே இல்லாத எடத்துலயா?"

"மழை வந்து குளம் நிறையும்னு காத்துக்கிட்டிருக்கு. கிழக்குக் குளத்துல நீங்க உழுதப்போ அங்க இருந்ததும் இப்படித்தான் காத்துக்கிட்டிருந்துச்சு."

டெல்மர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தேய்த்தார். "நெருப்பு வந்தா?"

"நீங்க வைக்கறதுக்குள்ள இங்க தண்ணி நின்னுடும். தானா அணையும்."

அவர் குனிந்து கட்டைக்கு அடியில் இன்னொரு முறை பார்த்தார். "சரி. உழவுக் கோடு மண் ரோட்டோரமா தள்ளிப் போட்டுக்கறேன். ஆனா மத்தியானம் டிராக்டரை லாமர் பய ஓட்டுவான். அவனுக்கு இது வெறும் பள்ளம்."

கட்டையை அது கிடந்த தடத்திலேயே பொருத்திவிட்டு வில்லடீன் எழுந்தாள். இங்கே உழக்கூடாது என்று தெரிய, கரை மரங்களில் குறிநாடா கட்டிக்கொண்டே போனாள். மண் ரோட்டிலிருந்து டிராக்டர் உள்ளே திரும்பும் முனையில் நாடா தீர்ந்துவிட்டது. தூரத்தில் துப்பாக்கி வெடித்தது.

அவள் ஆரஞ்சு மேலங்கியைக் கழற்றி அந்த முனை மரத்தில் கட்டினாள்.

"சுட்டுடப் போறானுங்க, பூசணி."

முடிச்சு இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள்.