குறைந்த எண்ணுக்குக் கைத்தட்டல்

என் கணவருக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஒருமுறை நினைவு தப்பியது. அதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவருக்குச் சத்தியம் செய்துகொடுத்தேன். அப்போது எனக்கு வேறு வழியில்லை. ஃப்ரீவே ஓரத்தில் நின்றிருந்தோம், சாவி அவர் கையில் இருந்தது, எனக்கு அந்த வண்டியை ஓட்டத் தெரியாது.

வண்டி என்றால் கார் இல்லை. ஆர்.வி. என்று இங்கே சொல்கிற வீட்டு வண்டி. முப்பது அடி நீளம். உள்ளே கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, பக்கவாட்டில் நுழைந்தால் குளியலறையும் உண்டு. சான்டா கிளாராவில் இருபத்தாறு வருடம் இருந்த வீட்டை விற்றுவிட்டு இதில் ஏறினோம். "ஒரே வருஷம். ஊரைச் சுத்திட்டு எடிசன்ல மக வீட்டுப் பக்கத்துல செட்டில் ஆயிடலாம்" என்றார். இது மூன்றாவது வருடம். எடிசன் பேச்சை எடுத்தால் 'இந்த வின்டர் முடியட்டும்' என்பார். வின்டர் முடிந்தால் 'இந்த சம்மர் முடியட்டும்'.

எனக்குக் குறை சொல்கிற சுபாவம் என்று அவர் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். உண்மைதான். ஓய்வு பெறும்வரை நான் பார்த்த வேலையே அதுதான், மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது. இப்போது அந்த முப்பது அடிக்குள் தினமும் பிழை கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். காலையில் கடுகு தாளித்தால் இரவு தலையணையில் அந்த வாசனை இருக்கும். நான் தும்மினால் அவர் தூக்கத்தில் புரண்டு படுப்பார். மழை பெய்கிற நாளில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். கல்யாணமான புதிதில் அது நன்றாக இருந்திருக்கும்.

எங்களோடு இன்னும் இரண்டு வண்டிகள் வந்தன. எல்லாரும் பே ஏரியாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், எல்லாரும் தமிழர்கள், எல்லாருக்கும் சர்க்கரை. குபெர்டினோவில் இருந்த கோயம்புத்தூர்க்காரர்தான் இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி. அவர் வண்டிக்குப் பின்னால் ஒரு காரையும் கட்டி இழுத்து வருவார். மாலை ஐந்து மணிக்கு எந்த ஊரில் நின்றிருந்தாலும் மடக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, டீக்கு முன்னால் ஆண்கள் மூன்று பேரும் விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள். எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். யாருக்குக் குறைவோ அவருக்கு ஃபர்ஸ்ட் ரேங்க். கைத்தட்டல் கிடைக்கும், முதல் பஜ்ஜியும் அவருக்குத்தான். பள்ளிக்கூடத்தில் ரேங்க் வாங்கி, ஐ.ஐ.டி.யில் ரேங்க் வாங்கி, எழுபது வயதில் ரத்தத்திலும் ரேங்க் வாங்கிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் எப்போதும் கடைசி. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் திடீரென்று முதலிடத்துக்கு வந்தார். ஒருநாள் அறுபத்தெட்டு என்று காட்டியது. எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் நினைவு தப்பியது. டெக்சாஸுக்குள் நுழைந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். மற்ற இரண்டு வண்டிகளும் முன்னால் போய்விட்டன. வண்டி மெதுவாக வலது பக்கம் சரிந்தது. சாலை விளிம்பில் செதுக்கியிருக்கும் கோடுகளில் டயர் ஏறிக் கடகடவென்று சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். கண் திறந்திருந்தது, ஆனால் அவர் அங்கே இல்லை. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. "ஏங்க!" என்று கத்தித் தோளைப் பிடித்து உலுக்கினேன். எப்படியோ பிரேக்கை மிதித்தார்.

நான் எடுத்துக் கொடுத்த ஆரஞ்சு ஜூஸைக் குடித்துப் பத்து நிமிடத்தில் தெளிந்தார். பிறகு அவர் முதலில் சொன்னது இதுதான்.

"யார்கிட்டயும் சொல்லாத. டாக்டர் காதுக்குப் போச்சுன்னா லைசென்ஸ் கேன்சல் பண்ணிடுவாங்க. அப்புறம் நான் எதுக்கு இருக்கணும் சொல்லு? சத்தியம் பண்ணு."

பண்ணினேன். பண்ணிவிட்டு மறுபடியும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து போனேன். அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் நான் சாலையைப் பார்க்கவில்லை, அவர் கண்ணைத்தான் பார்த்தேன். அவர் செத்துவிடுவார் என்ற பயம் இருந்தது. அவரோடு சேர்ந்து நானும் சாவேன் என்ற பயமும் இருந்தது. மகள் ஃபோனில் "ஆர் யூ கைஸ் ஓகே?" என்று கேட்டால், அவர் என்னைப் பார்ப்பார், நான் "சூப்பரா இருக்கோம்" என்பேன்.

இரண்டாவது முறை பெட்ரோல் பங்க்கில். பைப்பைக் கையில் பிடித்தபடி, இதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். அன்று மதியம் வண்டிகளை நிறுத்தியிருந்த கேம்ப்பின் லாண்டரியில் கோயம்புத்தூர்க்காரரின் மனைவியோடு துணி மடித்துக்கொண்டிருந்தபோது அழுதுவிட்டேன். சத்தியமாவது ஒன்றாவது, எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஏனுங்க்கா, இத்தன நாளாவா மனசுக்குள்ளயே வெச்சிருந்தீங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்குக் காலையில கிளினிக் போயே ஆகோணும். எங்கூட்டுக்காரரே கார்ல கூட்டீட்டுப் போவாரு. அண்ணன் கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்."

அண்ணன் கோபித்துக்கொண்டார். காலையில் சட்டைக்கு மேல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, தூக்குக்குப் போகிறவர் முகத்தோடு காரில் ஏறினார்.

கிளினிக்கில் டாக்டர் ஒரு இளம்பெண். கோயம்புத்தூர்க்காரர் வெளியே காத்திருந்தார். உள்ளே விரலைக் குத்திப் பார்த்தார்கள். அறுபத்தொன்று. என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார். அந்த நிலையிலும் மனிதருக்கு ரேங்க்! டாக்டர் புன்னகைக்கவில்லை. எழுபதுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து என்றார். ஒரு ஜூஸ் டப்பாவைக் கொடுத்துக் குடிக்கச் சொல்லிவிட்டு, "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். "நோ, ஒன்லி ஒன்" என்று இரண்டு தடவையும் இவர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். டாக்டர் எழுதித் தந்தால்தான் அவருக்கு அது மருந்து. நண்பர் தந்தால் அது அன்பு.

ஒரு மாத்திரைக்கே இவ்வளவு இறங்குகிறது என்றால் உடம்பில் வேறு ஏதோ இருக்கிறது, அது என்னவென்று தெரியும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். "நாங்கள் அந்த வண்டியில்தான் குடியிருக்கிறோம்" என்றார் இவர். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் நிரந்தரமாக ஓரிடத்தில் தங்குவதைப் பற்றி யோசியுங்கள் என்றார்.

அந்த நொடியில் எனக்கு மூச்சு வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. எடிசனில் ஒரு சின்ன ஃப்ளாட்டைக் கண்முன் பார்த்தேன். அதில் தனியாக ஒரு சமையலறை, நான் கதவைச் சாத்திக்கொள்கிற ஒரு அறை. பக்கத்தில் அவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் மனதுக்குள் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தேன்.

பிரஷர் பார்ப்பதற்காக ஜாக்கெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். மடித்து மடியில் வைத்தபோது பையில் ஏதோ நறநறத்தது. எடுத்தேன். கத்தரிக்கோலால் வெட்டிய மாத்திரை அட்டைத் துண்டு. பார்த்ததும் தெரிந்தது, கோயம்புத்தூர்க்காரருடையது. அவருக்கு மட்டும்தான் மச்சான் ஊரிலிருந்து பெட்டி நிறைய மாத்திரை கொண்டுவருவார். யாராவது கேட்டால் 'அங்கத்த மாத்திரைக்கு ஈடு இல்லீங்க' என்று ஆளுக்கு ஒரு துண்டு வெட்டித் தருவார். ரேங்க் உயர்ந்த கதை அதுதான்.

கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அட்டையின் பின்பக்கத்தைப் படித்தேன். பெரிய எழுத்தில் இந்தியக் கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர். இங்கே என் கணவரின் மாத்திரை பாட்டிலில் நான் தினமும் பார்க்கிற அதே பெயர். ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரண்டு மடங்கு விழுங்கிக்கொண்டிருந்தார். உடம்பில் வேறு கோளாறு எதுவும் இல்லை. இதைக் காட்டினால் அவர் லைசென்ஸும் போகாது, வண்டியும் திரும்பக் கிடைத்துவிடும்.

கையை மூடிக்கொண்டேன்.

அரை நிமிடம் இருக்கும். டாக்டர் கணினியில் எழுதிக்கொண்டிருந்தார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் பிழை கண்டுபிடித்த எனக்கு, கண்டுபிடித்த பிழையை ஒளித்துவைக்கத் தோன்றியது அதுதான் முதல் தடவை. அட்டையின் வெட்டிய முனை உள்ளங்கையில் குத்தியது. பிறகு எழுந்துபோய் அதை டாக்டரின் மேசையில் வைத்தேன்.

அப்புறம் எல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். இரண்டு வாரம் ஓட்டக் கூடாது, திரும்ப வந்து பார்த்துவிட்டு ஓட்டலாம் என்றார்கள். வெளியே விஷயம் கேட்ட கோயம்புத்தூர்க்காரர் கண் கலங்கிவிட்டார். "என்னாலதானுங்களே, தெரியாமப் பண்ணிட்டனுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என் கணவர் அவர் முதுகைத் தட்டி, "விடுங்க சார், நல்லதுக்குத்தானே குடுத்தீங்க" என்றார். வழியெல்லாம் சிரிப்பும் பேச்சும்தான். பின் சீட்டில் நான் அழுதுகொண்டு வந்தேன். நிம்மதியில் அழுகிறேன் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

வண்டிக்குள் நுழைந்ததும் மேப்பை எடுத்துக் கட்டிலில் விரித்தார்.

"ரெண்டே வாரம். அப்படியே ஃப்ளோரிடா பக்கம் போயிடலாம், என்ன சொல்ற?"

"அந்த அட்டையைப் படிச்சதும் உடனே குடுக்கல," என்றேன். "கைக்குள்ள மறைச்சு வச்சிருந்தேன்."

"ஏன்?"

"உங்க லைசென்ஸ் போகட்டும்னு."

சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நான் அங்க உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், நீ..."

"ஆமா. உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சப்போ எனக்குத் துக்கமா இருந்தது. இதுக்குள்ள என்னால இருக்க முடியலைங்க. நீங்க நல்லா இருந்தா நான் இதுலயே செத்துப் போவேன்."

மேப்பை மடிக்கத் தொடங்கினார். அது சரியாக மடியவில்லை. அப்படியே போட்டுவிட்டுக் கதவருகே போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார். வெளியே நண்பர்கள் எல்லாரும் செய்தி கேட்டு வாழ்த்துச் சொல்லக் கூடியிருந்தார்கள். ஜன்னல் வழியே அவர்கள் சிரிப்பது கேட்டது.

"அப்புறம் ஏன் டாக்டர்கிட்ட குடுத்த?" என்று முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

"குடுக்கலைன்னா நீங்க அதையும் சேர்த்து முழுங்கிக்கிட்டே இருப்பீங்க."

தாழ்ப்பாளில் வைத்த கை அப்படியே இருந்தது. வெளியே அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் கதவைத் திறக்கவில்லை.