கேட்காமல் கலக்காத மங்களம்

“மீனா, ஆட்டுக்கறியா? எத்தன பேரு சாப்பிடுவாங்க? சின்னப் புள்ள இருக்கா?”

மீனாவோ வேறு எந்த வாடிக்கைக்காரரோ, இவற்றுக்குப் பதில் சொல்லாமல் மங்களத்தின் கரண்டி சட்டிக்குள் இறங்காது. சிங்கப்பூரில் தேக்காவை ஒட்டிய சின்னச் சந்தையில் அரைத்த மசாலா விற்கிறார். மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம் என்று வரிசையாக விழுதுச் சட்டிகள். வீட்டுக்குத் தக்கபடி அள்ளி, கலந்து, வாழை இலையில் மடித்துக் கொடுப்பார். காத்திருப்பவர் உட்கார ஒரு முக்காலி உண்டு. அவசரப்படுத்தினால், “கேக்காம கலக்குனா உங்க வீட்டுச் சோறுதான் வீணாப் போவும் லா,” என்பார்.

கடைக்குப் பின்னால் சாக்கடை. மழை வலுத்தால் அந்தத் தண்ணீர் அம்மிவரை ஏறும்; அன்று அரைத்ததெல்லாம் குப்பைக்குப் போகும். போன தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்த தங்கராஜுவிடம் இதைச் சொல்ல வாயெடுத்தார். அவரோ ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். மங்களமும் ஓட்டுப் போடப் போகவில்லை. தங்கராஜு ஜெயித்தார், பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

இந்த 1959இல் ஓட்டுப் போடுவது கட்டாயமாகிவிட்டது. அதே தங்கராஜு மேடையேறி, ‘நாட்டைப் பற்றி அக்கறையே இல்லாத ஜனங்கள்’ என்று திட்டுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யாருக்கய்யா அக்கறையில்லை? மழைக்கு மழை துடைப்பமும் கையுமாய்ச் சாக்கடையோடு மல்லுக்கட்டுகிற பெண்ணுக்கா, தேர்தலுக்குத் தேர்தல் முகம் காட்டுகிறவருக்கா? மங்களம் இப்படியெல்லாம் சத்தம் போடமாட்டார். “போவேன். சீட்டுல ஒண்ணும் போடாம மடிச்சுப் போட்டுட்டு வந்துருவேன்,” என்கிறார், அவ்வளவுதான்.

நேற்றுக் காலை தங்கராஜு கழுத்தில் மாலையும் வெள்ளைச் சட்டையுமாகக் கடைமுன் நின்று, விடுதலை, வேலை, வீடு என்று அளந்துகொண்டிருந்தார். பாதியில் மழை கொட்டியது. சாக்கடைத் தண்ணீர் கடைக்குள் வந்ததும், உடன் வந்தவர்கள் சாலைக்கு ஓடிவிட்டார்கள். காலில் போட்டிருந்த சப்பாத்து நனையாமலிருக்க மனிதர் முக்காலிமேல் ஏறிக்கொண்டார். வாடிக்கைக்காரர் உட்காரும் முக்காலி!

“தண்ணி எப்பவும் இப்படித்தான் வருமாம்மா?” என்று மேலேயிருந்து கேட்டார். நானறிய, இந்தக் கடையில் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

மங்களம் தரையிலிருந்த மிளகாய்ச் சட்டியைத் தூக்கி, மாலை நசுங்க அவர் கைகளில் வைத்தார்.

“புடிங்க ஐயா. கீழ வச்சிடாதீங்க.”

பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து தண்ணீரை வாளியில் அள்ள ஆரம்பித்தார்.