ஐம்பது நிமிஷத்தில் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் ‘மீட்டர்’ என்று பெயர். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். கடை எவ்வளவு தூரம் என்று கேட்டால், "மூணு நிமிஷம், சிக்னல் விழுந்தா நாலு" என்பார். மகள் வேலையிலிருந்து வர ஐந்து நிமிஷம் பிந்தினால் வாசலில் போய் நின்றுகொள்வார். இப்படி ஒரு மனுஷனோடு குடித்தனம் பண்ணிப் பார்த்தால்தான் என் பாடு தெரியும்.

மகள் வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது என்றதும் பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவள் கிளம்பும்போது காலை மணி ஏழு. "போய்ட்டு வரேன்ப்பா" என்றாள். பேப்பரை விட்டுத் தலை நிமிராமல் "போ" என்றார். அவ்வளவுதான். கூட ஒரு ‘வா’ சேர்த்தால் வாயா வலிக்கும்? பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்ஸியில் ஏறினாள்.

டிக்கெட் நகலை ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். புறப்பாடு பத்து மணி, சேருவது பத்து ஐம்பது. இறங்கியதும் போன் பண்ணுவதாகச் சொன்னவள், பதினொன்றரை ஆகியும் பண்ணவில்லை. நாங்கள் கூப்பிட்டால் ‘அணைத்து வைக்கப்பட்டுள்ளது’ என்றது.

"அம்பது நிமிஷம்தானே போட்டிருக்கு? இன்னுமா இறங்கல? ஏன்டி, நான் ‘போ’ன்னு மட்டும்தானே சொன்னேன்?" அவர் குரல் உடைந்தது.

"இப்பதான் உறைக்குதா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு எனக்கே பாவமாக இருந்தது. நானும் இன்னொரு தடவை அவள் நம்பரை அழுத்தினேன்.

அவர் காலண்டரைத் திருப்பினார். பின்பக்கம் அவர் கையெழுத்தில் இரண்டு ஏர்போர்ட் பெயர்களும், நடுவில் 1500 கி.மீ. என்றும் இருந்தது. பேசாமல் இருந்த நாளில் எப்போதோ தேடி எழுதியிருக்கிறார், அமுக்குணி! அதையே முறைத்துப் பார்த்தவர் சட்டென்று டிக்கெட்டைத் தட்டினார்.

"ஆயிரத்து ஐந்நூறை அம்பது நிமிஷத்துலயா? அப்ப மணிக்கு ஆயிரத்து எண்ணூறு வருதுடி! எந்த பிளேன் இப்படி ஓடும்? இது நம்ம மணி இல்ல, அந்த ஊரு மணி!"

போனில் பார்த்தேன். அந்த ஊர்க் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அப்படியானால் பயணம் இரண்டு மணி இருபது நிமிஷம். பிள்ளை இன்னும் வானத்தில்தான் இருக்கிறாள். அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது.

"இவ்வளவு வருஷம் ஊர் ஊரா சுத்தினவருக்கு இது முதல்லயே தோணலையா?"

"லாரி போற ஊர்லெல்லாம் ஒரே மணிதான்டி."

பன்னிரண்டு நாற்பதுக்குப் போன் அடித்தது. எனக்கு முந்திப் பாய்ந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, இறங்கிட்டேன்" என்றாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "போய்ட்டு வாம்மா."

"வந்து சேர்ந்தப்புறமா சொல்றீங்க?" சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் அழுதுவிட்டாள்.

"அஞ்சு மணி நேரம் நாப்பது நிமிஷம் லேட்டும்மா" என்றார்.