அக்கா தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரு மாதம்

அக்காவின் இந்த நினைவு மலரின் அட்டைக்கென்று அண்ணன் எழுதி அனுப்பிய வாசகம் "தனக்கென வாழாத தியாகச் சுடர்" என்பதாகும். அச்சகத்துக்குப் போய் அதை எடுத்துவிடச் சொன்னவள் நான்தான். யாரும் அச்சகக்காரரைக் கோபிக்க வேண்டாம். அக்காவை அடக்கம் செய்து ஓராண்டு ஆகிறது. இந்த ஓராண்டாக அதே வார்த்தையைக் கோயிலிலும் கேட்டேன், சாப்பாட்டு மேசையிலும் கேட்டேன். போதும். ஒருவரைத் தனக்கென வாழ விடாமல் செய்துவிட்டு, தனக்கென வாழவில்லை என்று புகழ்வது என்ன வகைப் புகழ்ச்சி?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடக்கத்தன்று எங்கள் வீட்டு வாசல் படலையில் ஒரு முதியவர் பூமாலையோடு வந்து நின்றார். அண்ணன் போய் ஏதோ பேசினார். அவர் மாலையோடு திரும்பிப் போய்விட்டார். "அது ஆரு? அது ஆரு?" என்று அன்று என் காதைக் கடித்தவர்கள் இன்று இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். சாவீட்டில் சத்தம் போடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன், ஆறுதலாக உட்கார்ந்து வாசியுங்கள்.

அக்கா கற்பிட்டிக்குப் பக்கத்தில் எத்தாளையில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். அடுத்தது அண்ணன், கடைசி நான். அப்பாவுக்கு வெங்காயத் தோட்டம். அக்கா மருத்துவிச்சிப் பயிற்சி முடித்து வந்த கையோடு அப்பா இறைவனடி சேர்ந்தார். அண்ணனும் நானும் அப்போது பள்ளிக்கூடத்தில். அக்காவுக்கு நல்ல இடங்களிலிருந்து சம்பந்தம் வந்தது. தம்பி படித்து முடியட்டும் என்றார் அம்மா. படித்து முடிந்தது. தம்பிக்கு ஒரு வேலை கிடைக்கட்டும் என்றார்கள். கிடைத்தது. பிறகு தம்பியின் கலியாணம் நடந்தது. அதற்குப் பிறகு அக்காவைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. இதற்குத் தியாகம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அக்காவாகக் கொடுத்தால்தான் அது தியாகம். இது நாங்கள் எடுத்துக்கொண்டது.

கற்பிட்டி முதல் எங்கள் பக்கத்துக் கிராமங்கள் முழுக்க அக்காவை "மிஸ்ஸி" என்றுதான் தெரியும். மணல் ஒழுங்கைகளில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைப்பேறு பார்த்தவர். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் துரத்தப்பட்ட முஸ்லிம் சனம் உடுத்த உடையோடு வந்து இறங்கியபோது, ஓலைக் கொட்டில்களுக்குள் குனிந்து குனிந்து போய்ப் பிள்ளைகளைக் கையில் ஏந்தியவர். அந்தக் கொட்டில்களில் ஒன்றில்தான் மன்னார்ப் பக்கத்து ஆசிரியையான ஸித்தி டீச்சர் அக்காவுக்குச் சினேகிதியானார். கடைசிவரை அந்தச் சினேகம் விட்டுப் போகவில்லை.

யுத்தம் முடிந்து சில ஆண்டுகளில் அக்கா ஓய்வு பெற்றார். கிளினிக்கில் நல்லதொரு பிரியாவிடை வைத்தார்கள். கேக் பெட்டியோடு வீட்டுக்கு வந்தால் நீர்கொழும்பிலிருந்து அண்ணன் வந்து கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். அண்ணனின் மகள் வேலைக்குப் போவதாகவும், அவளுடைய கைக்குழந்தையை அக்கா பார்ப்பதாகவும் அவர்களே கதைத்து முடித்துவிட்டார்கள். அக்காவைத் தவிர எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

"ஞாயித்துக்கெழம வேன் அனுப்புறன் அக்கா. சாமானக் கட்டி வைங்க."

"ஒரு மாசம் பொறு."

"ஏன்? இங்க என்ன கெடக்கு?"

"நான் கெடக்கிறன்" என்றார் அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் என்னை முறைத்தார். ஆனாலும் ஒரு மாதம் கிடைத்தது. சம்பளத்துக்கு உழைத்த காலத்திலும் வீட்டுக்கு உழைத்த காலத்திலும் கேட்காத ஒன்றை அக்கா அன்றுதான் வாய் திறந்து கேட்டார்.

அந்த மாதத்தில் அக்கா என்ன செய்தார் என்று தெரியாமல்தான் பலர் கதை கட்டினீர்கள். என்ன செய்தார் என்று நான் சொல்கிறேன். வெயில் முற்றத்துக்கு வரும்வரை படுத்துக்கிடந்தார். வெறுந்தேத்தண்ணியும் கருப்பட்டியும் வைத்துக்கொண்டு பத்திரிகையை மரண அறிவித்தல் வரை வாசித்தார். பாணும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு, கழுவாத கோப்பையை அப்படியே வைத்துவிட்டு மறுபடி படுத்தார். பின்னேரம் குளித்து, அலுமாரியில் மடித்தபடியே கிடந்த நல்ல சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து உடுத்திக்கொண்டு, ஸித்தி டீச்சரோடு நாடகம் பார்க்கப் போனார்.

ஆம், நாடகம். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே அதில் பைத்தியம். வேலைக் காலத்தில் எந்த நாடகத்துக்குப் போய் உட்கார்ந்தாலும் பாதியில் யாருக்காவது வலி வந்துவிடும், ஆள் வந்து கூப்பிடும். முடிவைப் பார்த்த நாடகமே இல்லை என்பார். அதனால் அந்த மாதம் ஒன்றையும் விடவில்லை. புத்தளத்தில் பாடசாலைப் பிள்ளைகளின் நாடகப் போட்டி என்றாலும் முன்வரிசையில் இருப்பார். சிலாபத்துக்கு பஸ் ஏறிப் போய் ஒரு சிங்கள நாடகமும் பார்த்தார்கள். டீச்சருக்குச் சிங்களம் மட்டுமட்டு. அக்கா ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லிக்கொடுக்க, முன்னாலிருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம்.

"மிஸ்ஸி, மெதுவாச் சொல்லுங்க. மேடையில நிக்கிறவனுக்கும் கேக்குது" என்று தான் சொன்னதை டீச்சர் இப்போதும் சொல்லிச் சிரிப்பார்.

நாடகம் முடிந்தால் சாப்பாட்டுக் கடை. நம் பக்கத்துக் கடைகளில் பெண்கள் என்றால் பின்னால் திரைச்சீலை போட்ட அறைக்குள் அனுப்பிவிடுவார்களே, அக்கா அதற்குள் போகமாட்டார். வாசலோரம், தெரு தெரிகிற மேசையில்தான் உட்காருவார். ஒரு நாள் என்னையும் கூட்டிப் போனார்கள். கடைப் பையன் மரியாதையாக உள்ளே கை காட்டினான். "உள்ளுக்குப் புழுக்கம் தம்பி. கொத்து ரொட்டி மூண்டு கொண்டா. எனக்கு ஒறைப்புக் கூட" என்றார் அக்கா. அதற்குப் பிறகு வட்டிலப்பம். அதற்குப் பிறகு, வயிறு தாங்காது என்று சொல்லிச் சொல்லியே, ஐஸ்கிரீம். அக்கா அவ்வளவு சாப்பிட்டு நான் கண்டதில்லை. வீட்டில் எப்போதும் சட்டியில் மிஞ்சியதுதானே அவருடைய பங்கு.

பாஸ்கா, உயிர்ப்புத் திருநாள் முடிந்த காலம் அது. கரையோரக் கோயில்களில் நாட்டுக்கூத்து தொடங்கியிருந்தது. இப்போது பழையபடி விடியவிடிய ஆடுவதில்லை. மாலைப் பூசை முடிய ஆரம்பித்து இராச்சாப்பாட்டுக்கு முன் மங்களம் பாடிவிடுகிறார்கள். வழக்கம் உங்களுக்குத் தெரியும். வேடக்காரர் மேடைக்கு வந்து முதல் பாட்டு முடிந்ததும் ஆட்டத்தை நிறுத்துவார்கள். அவருடைய வீட்டார் ஏறி மாலை போடுவார்கள். அந்த மாதம் அக்கா முதலில் போன கூத்தில் ராசாவாக ஆடியவருக்கு மச்சான்மார் மட்டுமே ஏழெட்டுப் பேர், மாலையில் முகம் தெரியவில்லை. மந்திரிக்கும் அப்படியே. கட்டியகாரனாக வந்தவருக்கு ஒருவரும் ஏறவில்லை. கூத்து முழுவதையும் தோளில் சுமந்தவர் அவர்தான். சனம் சிரித்ததெல்லாம் அவர் வந்த நேரத்தில்தான். கூத்தை நடத்தும் அண்ணாவியார் அவருடைய பாட்டு முடிந்ததும் தாளத்தை நிறுத்தவேயில்லை, மாலை போட ஆள் இல்லை என்று தெரிந்து நேரே அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை.

விசாரித்தபோது தெரிந்தது, அவர் பெயர் பிரகாசம். முல்லைத்தீவுப் பக்கம். மனைவியையும் பிள்ளைகளையும் கடைசி யுத்தத்தில் பறிகொடுத்துவிட்டு வந்து, கண்டக்குழியில் மீனுக்கு ஐஸ் போடும் வாடியில் வேலை செய்கிறார். அவ்வளவுதான் அவரைப் பற்றி அக்காவுக்குத் தெரிந்தது.

அடுத்த கிழமை அதே கூத்து கண்டக்குழியில். அக்கா புத்தளத்திலிருந்து ஒரு மாலை வாங்கி, வாழையிலையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"மிஸ்ஸி, ஊரு கதைக்கும்" என்றார் டீச்சர்.

"கதைக்கட்டும். இந்த ஊருல பாதிய என்ட கையாலதான் வெளிய எடுத்தன்."

கட்டியகாரனின் பாட்டு முடிந்தது. அக்கா எழுந்து, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினார். அண்ணாவியார் திகைத்துத் தாளத்தை நிறுத்தினார். அக்கா மாலையைப் போட்டார், கை கூப்பினார், இறங்கி வந்து கதிரையில் உட்கார்ந்தார். அந்த மனிதர் அடுத்த பாட்டை மறந்துபோய் நின்றார். அண்ணாவியார்தான் அடியெடுத்துக் கொடுத்தார்.

வழக்கம் இவ்வளவுதான். வீட்டார் போடுவார்கள், பிறத்தியார் போடுவதில்லை. அதிலும் ஒரு பெண் பிற ஆணுக்குப் போடுவதே இல்லை. ஆகவே உங்களுடைய மூளைக்கு எட்டியது ஒன்றே ஒன்று. மறுநாள் மீன் வாடியில் "மிஸ்ஸிக்குக் கலியாணமாம்" என்று கதை. மத்தியானத்துக்குள் நீர்கொழும்புக்குத் தொலைபேசி அழைப்புப் போய்விட்டது. அழைத்தவர் எங்களுக்குச் சின்னம்மா முறை. பெயர் எழுதவில்லை, ஆனால் இந்தப் பக்கத்தை அவர் இரண்டு தரம் வாசிப்பார். தன் பிள்ளைகள் அத்தனை பேரையும் அக்காவின் கையில் பெற்றவர் அவர்.

அந்த ஞாயிறு வேன் வந்தது. அண்ணன் தனியே வரவில்லை, குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இந்த வயசுல இது என்ன கூத்து அக்கா? எங்களுக்கு வெளிய தல காட்ட ஏலாம இருக்கு."

"அந்த மனிசனுக்கு மால போட ஒருத்தரும் இல்ல. நான் போட்டன். அதுல ஒனக்கு என்னடா வெக்கம்?"

"அக்காட மாசம் இன்னும் முடியல்ல" என்றேன் நான்.

"நீ சும்மா இரு!"

நான் சும்மா இருக்கவில்லை. தெருவுக்குக் கேட்கச் சண்டை போட்டேன். அண்ணன் குழந்தையைக் கொண்டுபோய் அக்காவின் மடியில் வைத்தார், அவ்வளவுதான். கெட்டிக்காரர்! அக்கா குழந்தையின் துணியை விலக்கிப் பார்த்தார். தொடை முழுக்கச் சிவந்து வெந்து கிடந்தது. "பாவிகளே, ஆரு இதுக்கு இப்பிடி பவுடரக் கொட்டினது? தேங்காயெண்ணெய் கொண்டா" என்றார் என்னிடம். எண்ணெயை எடுக்கப் போகும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கா அந்தப் பிள்ளையோடு வேனில் ஏறிப் போய்விட்டார்.

அந்த மாதத்தின் கடைசிக்கென்று அக்காவும் டீச்சரும் ஒன்று பேசி வைத்திருந்தார்கள். மன்னாருக்குப் போவது. அங்கே ஒரு கூத்துப் பார்ப்பது. தொண்ணூறில் விட்டு வந்த தன் ஊரை டீச்சர் அதற்குப் பிறகு பார்த்ததே இல்லை. தனியே போய் அந்த மண்ணில் கால் வைக்கத் தைரியம் இல்லை, மிஸ்ஸி வந்தால் போவேன் என்றிருந்தார். டீச்சர் இன்னும் போகவில்லை. இதையும் தியாகக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

நீர்கொழும்பில் அந்தக் குழந்தையையும், அதற்குப் பிறகு பிறந்த தம்பியையும் அக்கா வளர்த்தார். பிள்ளைகளில் குற்றமில்லை, அவர்கள்மேல் அக்காவுக்கு உயிர். ஆனால் அந்த ஆண்டுகளில் ஒரு நாடகம்கூடப் பார்க்கவில்லை. நான் போகும்போதெல்லாம் சொல்வார்: "தம்பிட மகள் டீவியப் போட்டுட்டு 'நாடகம் பாருங்க மாமி' எண்டுறாள். அதுல ஆக்கள் அழுறதும் நஞ்சு வைக்கிறதும்தான்டி. ஒருத்தன் பாடுறானா எண்டு பார், இல்ல." நெஞ்சு வலியை வாய்வு என்று சொல்லி மறைத்து, ஒரு காலையில் பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு உயிரோடு வரவில்லை.

அக்காவை எத்தாளைக்குக் கொண்டுவந்தோம். அன்றுதான் பிரகாசம் ஐயா படலையில் வந்து நின்றார்.

"மிஸ்ஸிக்கு ஒரு மாலை போட்டிட்டுப் போறன் தம்பி."

"வீட்டாக்கள் போடுவம். நீங்க போங்க."

பெட்டியருகில் இருந்த நான் எழுந்து வெளியே வருவதற்குள் அவர் போய்விட்டார். மறுநாள் நானும் ஸித்தி டீச்சரும் ஓட்டோவில் கண்டக்குழிக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு அக்காவை அடக்கிய சேமக்காலைக்குப் போனோம். மாலை வாடியிருந்தது. போட்டார். பிறகு, மிகவும் மெதுவாக, கட்டியகாரனின் வரவுப் பாட்டில் ஒரு அடி பாடினார். அண்ணன் அறிந்திருக்கமாட்டார். இப்போது அறிந்துகொள்ளட்டும்.

நன்றி சொல்வது முறை. அக்காவின் அந்த மாதத்துக்குத் துணையாக இருந்த ஸித்தி டீச்சருக்கும், வாசலோர மேசையை ஒதுக்கி வைத்த கடைக்காரருக்கும், அன்று தாளத்தை நிறுத்திய அண்ணாவியாருக்கும், பிரகாசம் ஐயாவுக்கும் என் நன்றி. மலர்வளையம் அனுப்பியவர்களுக்கும் பந்தல் போட்டவர்களுக்கும் அண்ணன் கடைசிப் பக்கத்தில் நன்றி எழுதியிருக்கிறார்.

கடைசியாக ஒரு செய்தி. வருகிற மாதத்தோடு என்னுடைய வேலையும் முடிகிறது. நானும் கலியாணம் முடிக்காதவள் என்பது உங்களுக்குத் தெரியும். போன கிழமை அண்ணன் மகள் தொலைபேசி எடுத்தாள். மூன்றாவது பிள்ளை வரப்போகிறதாம். சந்தோசம், கர்த்தர் காப்பாராக. பிறகு சொன்னாள்: "சின்ன மாமி, ஒங்கட ரூமக் கூட்டித் தொடச்சு வெச்சிட்டம். பெரிய மாமிட கட்டிலுக்குப் புது மெத்தையும் போட்டாச்சு. எப்ப வாறீங்க?"

மகளே, வேலைக்கு ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்துப் பிடியுங்கள். நான் வரமாட்டேன்.