பாலம்மாள் சொன்னதும் நான் சொன்னதும்

பாலம்மாளைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று யாராவது கேட்டால், ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வேன். அவருக்கு நான் செய்த காரியம் அவரையும் என்னையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. என் மனைவி சத்யபிரியாவே இதை வாசித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பசுவந்தனைக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் பாலம்மாளுக்கு நாலு ஏக்கர் கரிசல். கடம்பூரில் பிறந்து, பதினெட்டு வயதில் வாக்கப்பட்டு வந்தவர். கணவர் குருசாமி நாற்பது வயதிலேயே மஞ்சள்காமாலையில் போய்விட்டார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போ என்றார்கள் சொந்தக்காரர்கள். போனார். நிலத்தையும் விடவில்லை. கோடை முழுக்க ஆபீசில் குச்சி அடுக்குவார். புரட்டாசியில் வானம் கறுத்தால் லீவுகூடச் சொல்லாமல் நின்றுவிடுவார். வருஷம் தவறாமல் கணக்குப்பிள்ளை திட்டுவார், வருஷம் தவறாமல் மாசியில் திரும்பச் சேர்த்துக்கொள்வார். பாலம்மாளின் கைவேகம் அப்படி.

பேச்சு என்றால் பேச்சு, அப்படி ஒரு பேச்சு. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிலிருந்து கடைசி சீட்டுக்காரர் வரை எல்லாரிடமும் பேசிவிட்டுத்தான் இறங்குவார். எதையும் ஒரு தடவைதான் சொல்வார். சொன்னால் கேட்டவருக்குப் புரிந்துவிட்டது, அவர் அதை மறக்கமாட்டார் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் நான் கை வைத்தேன்.

நான் கிருஷ்ணராஜ். கோவில்பட்டியில் பிறந்தவன். அப்பாவுக்கு மெயின் ரோட்டில் பலசரக்குக் கடை. சிவில் டிப்ளமோ படித்துவிட்டு சென்னையில் பத்து வருஷம் நில அளவை வேலை பார்த்தேன். அங்கே யாராவது ஊர் எது என்று கேட்டால் "திருநெல்வேலி பக்கம்" என்று மழுப்புவேன். கோவில்பட்டி என்றால் "ஓ, தண்ணி இல்லாத ஊரா?" என்பார்கள். ஒருத்தன் "கடலைமிட்டாய்" என்று சிரிப்பான். எனக்குச் சுருக்கென்று இருக்கும். பிறந்த ஊரை நினைத்துக் கூசினவன் நான்.

2005 சித்திரையில் ஒரு கம்பெனி என்னை உள்ளூர் சர்வேயராக வேலைக்கு எடுத்தது. திட்டத்தின் வரைபடத்தை முதலில் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். எங்கள் கரிசலில் ஒரு விமான நகரம்! இரண்டு ஓடுபாதை. பக்கத்திலேயே சரக்கு முனையம், வரிசை வரிசையாகச் சரக்கு அடுக்கும் கிட்டங்கிகள், குளிர்பதனக் கூடம், தூத்துக்குடி துறைமுகத்துக்கு நேராக ரயில் பாதை, நாலு ஓட்டல், அதிகாரிகளுக்கு ஒரு குடியிருப்பு. எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் 'கோவில்பட்டி'. அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன். டீக்கடையில் கேட்காதவர்களுக்கும் விரித்துக் காட்டினேன்.

எந்த நிலத்தில் விவசாயம் நடக்கிறது, எது தரிசு என்று பிரித்துக் குறிக்க வேண்டும். அதுதான் எங்கள் வேலை. தரிசு என்று குறித்தால் சுலபமாக எடுத்துக்கொள்வார்கள், விவசாய நிலம் என்றால் ஓடுபாதையைக் கொஞ்சம் தள்ளிப் போடுவார்கள். டெல்லியிலிருந்து ஒரு பெரிய இன்ஜினியர் வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஊர்க்காரர்களுக்கு இங்கிலீஷும் இந்தியும் தெரியாது. நடுவில் நான்.

சித்திரையில் கரிசலைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு புல் இருக்காது. காலை விட்டால் கணுக்கால்வரை போகிற வெடிப்பு. எங்கள் பக்கத்தில் எல்லா வருஷமும் அப்படித்தான். அந்த வெடிப்பு வழியாகத்தான் ஐப்பசி மழை உள்ளே இறங்கும். இது கடைக்காரர் மகனான எனக்கே தெரியும். பாலம்மாள் நிலத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. நிலத்தில் இருநூறு செம்மறிகள் தலையைத் தலையோடு ஒட்டிக்கொண்டு நின்றன. புதூர்ப் பக்கத்துக் கிடைக்காரர்களைக் கூப்பிட்டு புழுக்கை உரத்துக்காகப் பாலம்மாள்தான் கிடை போட்டிருந்தார். அவர்களுக்குச் சோறும் தானியமும் கொடுத்து ஆடுகளை நிலத்தில் அடைக்கச் சொல்லவேண்டும். சும்மா கிடக்கிற நிலத்துக்கு யாரும் அப்படி மெனக்கெட மாட்டார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

பாலம்மாள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வேகமாக வந்தார்.

"வாங்க, வாங்க. என்னமோ அளக்குதீங்க போல. இப்பப் பாத்தா இப்படித்தான் மொட்டையாக் கிடக்கும். ஐப்பசி, கார்த்தியல்ல வந்து பாருங்க, உளுந்து முழங்கால் அளவு பச்சைப்பசேல்னு நிக்கும். ஆடு மேய வந்ததுன்னு நெனச்சிராதீங்க. நான்தான் உரத்துக்குக் கிடை போட்டிருக்கேன். தம்பி, அவியகிட்ட எடுத்துச் சொல்லுங்க."

என்ன சொல்கிறார் என்று இன்ஜினியர் என்னைக் கேட்டார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. பத்தடியில் ஏசி கார் நின்றது. கோவில்பட்டியில் ஓட்டலில் சாப்பாடு சொல்லி வைத்திருந்தோம். இதெல்லாம் ஒரு காரணமா என்றால், ஆமாம், இதுவும்தான். இன்னொன்று, அந்த ஓடுபாதை ஓர் அடிகூடத் தள்ளிப் போகக்கூடாது என்ற வெறி. "இங்கே ஒன்றும் விளையாது சார், ஆடு மேய்கிற இடம் என்கிறார்" என்று இங்கிலீஷில் சொன்னேன். ஒரே ஒரு வாக்கியம். அவர் தலையை ஆட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார்.

அவர் தலையாட்டியதைப் பார்த்துப் பாலம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லா எடுத்துச் சொன்னீங்க தம்பி" என்று ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். இன்ஜினியர் தன்னிடம் பாட்டில் இருக்கிறது என்று கைகாட்டிவிட்டார். நான் வாங்கி, மூச்சுவிடாமல் முழுச் சொம்பையும் குடித்தேன். தண்ணீர் சில்லென்று இருந்தது.

நாலு மாதம் கழித்துப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் சர்வே எண்களை ஒட்டினார்கள். பாலம்மாளின் எண்ணுக்கு நேரே 'தரிசு – மேய்ச்சல்' என்று இருந்தது. மறுநாளே பஸ் ஏறி என் ஆபீசுக்கு வந்துவிட்டார். கோபம் என்மேல் இல்லை.

"யாரோ தப்பா எழுதிப்புட்டாவ தம்பி. அன்னைக்கு நீங்கதான் கூட இருந்து எடுத்துச் சொன்னீங்க. அந்தப் பெரியவரும் தலையாட்டுனாரே! ஒரு எட்டு போயி மறுபடியும் சொல்லிருங்க. அந்த நாலு ஏக்கரும் போச்சுன்னா நான் கடைசிவரைக்கும் குச்சிதான் அடுக்கணும்."

"சொல்லுதேன் பெரியம்மா" என்றேன். சொல்லவில்லை. சொன்னால் முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடும், வேலை போகும். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினேன். அந்த வருஷமும் பாலம்மாள் உளுந்து விதைத்தார். பிடுங்கிக்கொள்வார்கள் என்று அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் விதைக்கவில்லை. "அந்தத் தம்பி சொல்லியிருக்கும், தைரியமா வெதைங்க" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு அலைந்தாராம்.

2006 முடிகிறபோது திட்டம் படுத்துவிட்டது. பணம் போடுவதாகச் சொன்னவர்கள் பின்வாங்கிவிட்டார்கள் என்று கேள்வி. எனக்கு அதில் அணுவளவும் பங்கு கிடையாது. ஆனால் தை பிறந்து பத்தாம் நாள், பாலம்மாள் ஒரு பை உளுந்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "நீங்க சொன்ன ஒரு சொல்லு, இந்த நிலம் தப்பிச்சுது." சத்யபிரியா பூரித்துப்போய்க் காபி போட்டுக் கொடுத்தாள். அந்த வாரம் எங்கள் வீட்டு இட்லி பஞ்சு மாதிரி இருந்தது. நான் தட்டைத் தள்ளி வைத்தேன். வயிறு சரியில்லை என்று ஒரு பொய் சொன்னேன். அடுத்த தையிலும் வந்தார், பை கொஞ்சம் பெரிதாக.

2008 கார்த்திகையில் போன் வந்தது. "வந்து பாருங்க தம்பி, நீங்க காப்பாத்திக் கொடுத்த வெள்ளாமைய." போகாமல் இருந்திருக்கலாம். போனேன். நாலு ஏக்கரும் பச்சை. அவர் சொன்னபடியே முழங்கால் அளவு. களையெடுத்துக்கொண்டிருந்த பக்கத்து நிலத்துக்காரி சுடலையம்மாளைக் கூப்பிட்டு, "ஏட்டி, நான் சொல்லுவேன்லா, இவியதான்" என்றார். அந்த அம்மாள் மண்கையோடு என்னைக் கும்பிட்டார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சுடலையம்மாள் அந்தப் பக்கம் போனதும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நீங்கள் சொன்னது எதையும் நான் சொல்லவில்லை, ஒன்றும் விளையாது என்றுதான் சொன்னேன், அப்புறமும் வாயைத் திறக்கவில்லை, தரிசு என்று வந்தது என்னால்தான் என்று கொட்டிவிட்டேன்.

பாலம்மாள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கேட்டார்.

"அப்போ அவரு தலையாட்டுனது?"

"நான் சொன்னதுக்கு."

"தண்ணி கொடுத்தேனே, குடிச்சீரே."

தலையைக் குனிந்துகொண்டேன். 'நீங்க' போய் 'நீர்' வந்துவிட்டதைக் கவனித்தேன். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை.

"சரி. நான் அன்னைக்குச் சொன்னதை இப்ப இங்கிலீஷ்ல சொல்லும்" என்றார்.

"எதுக்கு பெரியம்மா?"

"சொல்லும்."

ஐப்பசி, கார்த்திகையில் வந்து பாருங்கள் என்பதை இங்கிலீஷில் சொன்னேன். நீளமாக இருக்கிறது, சின்னதாக்கு என்றார். ஐப்பசி என்றால் அவர்களுக்குப் புரியாது, அவர்கள் மாசத்தில் சொல் என்றார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிற மாதிரி நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "கம் இன் நவம்பர். ஆல் கிரீன்." அவர் என் வாயையே பார்த்துத் திருப்பிச் சொன்னார். "கிரீன்னா பச்சைதான? சத்தியமாத்தான?" என்று கேட்டார். சத்தியமாக என்றேன். ஏழெட்டுத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, போய் வா என்றுகூடச் சொல்லாமல் களையெடுக்கக் குனிந்துவிட்டார்.

அந்தத் தையில் உளுந்து வரவில்லை. "என்ன, உங்க பெரியம்மாவக் காணோம்?" என்றாள் சத்யபிரியா. இந்த வருஷம் வெள்ளாமை சரியில்லையாம் என்றேன்.

அந்தச் சித்திரையில் மின்கோபுர வரிசை போட வேறு ஒரு கம்பெனி அளக்க வந்தது. பிழைப்பு வேண்டுமே, உள்ளூர் ஆளாக அதிலும் நான்தான். வரிசை பாலம்மாள் நிலத்தின் வழியாகத்தான் போயிற்று. வழியெல்லாம் அவர் இன்றைக்கு ஊரில் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன். இருந்தார். அதே மொட்டை நிலம், அதே வெடிப்பு, கிடை ஆடுகள். என்னைத் தாண்டி, பெங்களூரிலிருந்து வந்திருந்த இன்ஜினியரிடம் நேரே போய் நின்றார்.

"சார். கம் இன் நவம்பர். ஆல் கிரீன்."

அந்தப் பெங்களூர்க்காரர் திகைத்து, சிரித்து, மளமளவென்று ஏதோ கேட்டார். பாலம்மாளுக்கு அதற்குமேல் இங்கிலீஷ் இல்லை. வேறு வழியில்லாமல் இன்ஜினியர் என் பக்கம் திரும்பினார்.

நான் சொன்னேன். புரட்டாசி விதைப்பு, ஐப்பசி மழை, உளுந்து, கிடை, ஆடுகள் எதற்காக நிற்கின்றன என்பது, ஒன்று விடாமல். கோபுரத்தை நிலத்தின் நடுவில் நட்டால் உழ முடியாது, வரப்போரம் தள்ளிப் போடுங்கள் என்றும் சொன்னேன். என் ஆயுளில் அவ்வளவு இங்கிலீஷ் நான் ஒருசேரப் பேசினதில்லை. சொல்லி முடித்துப் பாலம்மாளைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவ்வளவு நேரமும் இன்ஜினியர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் என்ன சொன்னேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இன்ஜினியர் தலையாட்டினார். பாலம்மாள் முகம் மலரவில்லை. இன்னும் ஓர் அடி கிட்டப் போய், தாளில் குறிக்க ஆரம்பித்தவரிடம் மறுபடியும் சொன்னார், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக.

"சார். கம் இன் நவம்பர்."